குத்தக் குத்தத் தளரும் ஜல்லி

ஜல்லி போட்ட ரயில் பாதை பூமியோடு எங்கேயும் பூட்டப்படவில்லை. தண்டவாளத்தை எஃகுக் கிளிப் போட்டு, குறுக்கே கிடக்கும் கட்டையான ஸ்லீப்பரோடு இறுக்கியிருக்கிறார்கள்; ஸ்லீப்பரை எதனோடும் இறுக்கவில்லை. போல்ட் கிடையாது, ஆணி கிடையாது, சிமென்ட் பூச்சும் கிடையாது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 280 கிலோ எடையுள்ள கான்கிரீட் ஸ்லீப்பர்கள், முக்கிய வழித்தடங்களில் கிலோமீட்டருக்கு 1,660 என்ற கணக்கில், உடைத்த கருங்கல் ஜல்லியின் மேல் சும்மா கிடக்கின்றன. அதன் மேல்தான் வந்தே பாரத் பறக்கிறது. நிலக்கரி ஏற்றிய 58 பெட்டிச் சரக்கு ரயிலும் ஊர்கிறது. 65 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட கற்கள், ஸ்லீப்பருக்கு அடியில் 30 சென்டிமீட்டர் கனம். இந்த உதிரிக் கற்குவியலை உதிராமல் வைத்திருப்பதுதான் பாதைப் பராமரிப்பு என்ற தொழிலின் பெரும்பகுதி. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜல்லியைச் சீராக்க நம்மிடம் உள்ள முதன்மை எந்திரமே ஜல்லியைத் தளர்த்துகிறது, உடைக்கவும் செய்கிறது. அந்த எந்திரத்துக்கு வேலை குறையக் குறையத்தான் பாதை நலமாக இருக்கிறது என்று பொருள். ரயில்வேக்கள் நெடுங்காலம் இதைத் தலைகீழாகவே கணக்கிட்டு வந்தன: எத்தனை கிலோமீட்டர் எந்திரம் ஓடியது என்பதையே சாதனையாக எழுதிவைத்தன.

ஜல்லி எதையெல்லாம் தாங்குகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மேலிருந்து இறங்கும் பளு எல்லாருக்கும் தெரிந்தது. அதை அகலப் பரப்பி மண்ணுக்கு மெல்லக் கொடுப்பது ஜல்லியின் வேலை. கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் மொத்தக் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. மழைநீர் அதன் வழியாக வடிந்துவிடும். மூன்றாவது வேலைதான் கண்ணில் படாதது. முன்பு 13 மீட்டருக்கு ஓர் இணைப்பு வைத்து, வெயிலில் தண்டவாளம் நீள்வதற்கு இடைவெளி விட்டிருந்தார்கள். பழைய பயணங்களின் ‘தடக் தடக்’ அந்த இடைவெளியின் சத்தம். இன்று கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்து ஒரே நீளமாக ஓட்டிவிடுகிறார்கள். எஃகு சூடேறினால் நீளத்தான் பார்க்கும். நீள இடம் இல்லாதபோது அந்த நீட்சி முழுவதும் அழுத்தமாக உள்ளேயே தேங்குகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், ஒரு டிகிரிக்கு அது சுமார் 1.9 டன். 45 டிகிரியில் அழுத்தமில்லாமல் பூட்டிய தண்டவாளம் 65 டிகிரிக்குப் போனால், ஒரு தண்டவாளத்தில் 38 டன், இரண்டிலும் சேர்த்து 76 டன். கோடை மதியத்தில் தண்டவாளம் காற்றைவிட 15 முதல் 20 டிகிரி கூடுதலாகச் சுடும் என்பதால் இது நம் ஊரில் சாதாரணக் கணக்கு. இந்த விசை பாதையைப் பக்கவாட்டில் நெளித்துத் தள்ளப் பார்க்கிறது. அதைத் தடுக்க நிற்பவை மூன்று: ஸ்லீப்பரின் அடியில் உள்ள உராய்வு, இரண்டு ஸ்லீப்பர்களுக்கு இடையே நிரம்பிய ஜல்லி, ஸ்லீப்பர் முனைக்கு வெளியே குவித்து வைத்திருக்கும் தோள் ஜல்லி.

ஓடுகிற ரயிலும் பாதையைப் பக்கவாட்டில் தள்ளும். 1955 மார்ச்சில் பிரான்சின் லாந்த் பகுதியில் மின்சார எஞ்சின்கள் மணிக்கு 331 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தன. எஞ்சின் தப்பித்தது, பாதையின் ஒரு பகுதி அலையலையாக நெளிந்து கிடந்தது. பிறகு பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரூதோம், ஓர் அச்சு பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினால் பாதை நிரந்தரமாக நகரத் தொடங்கும் என்று சோதனைகள் நடத்தி ஒரு வரம்பு வகுத்தார். அச்சுப் பளுவில் மூன்றில் ஒரு பங்கோடு 10 கிலோநியூட்டன் கூட்டினால் அந்த வரம்பு கிடைக்கும். இன்றுவரை உலகெங்கும் புழங்கும் கணக்கு இது. அவர் அதற்கு எடுத்துக்கொண்ட பாதை எது என்பதைக் கவனிக்க வேண்டும். பழுதடைந்து கைவிட்ட பாதையை அவர் தேடிப் போகவில்லை. அப்போதுதான் எந்திரம் வைத்துச் சீர்செய்து முடித்த பாதையை எடுத்துக்கொண்டார். பாதையின் ஆயுளில் அதுதான் மிகப் பலவீனமான கட்டம் என்பது அன்றே தெரிந்திருந்தது.

பாதை ஏன் கெடுகிறது? ஒவ்வொரு சக்கரமும் ஸ்லீப்பரை ஒரு இழை கீழே அமுக்கிவிட்டுப் போகிறது. கற்கள் கொஞ்சம் உருண்டு, கொஞ்சம் நெருங்கி, முனை மழுங்கி அடங்குகின்றன. எல்லா இடத்திலும் ஒரே அளவு அடங்கினால் தொல்லையே இல்லை. அடியில் மண் இளகிய இடம், பாலத்தை ஒட்டிய இடம், வெல்டு போட்ட இடம் இவையெல்லாம் கூடுதலாக அடங்கும். அங்கே தண்டவாளம் மட்டும் தன் விறைப்பால் மேலே நிற்க, அதில் பூட்டிய ஸ்லீப்பர் அடியில் பிடிப்பில்லாமல் தொங்கும். அடுத்த சக்கரம் வரும்போது ஸ்லீப்பர் சம்மட்டியாக ஜல்லியில் இறங்கி அடிக்கும். அப்படிப்பட்ட இடத்தை ஒரு பிளாட்பாரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்: சுற்றிலும் ஜல்லி கறுத்துக் கிடக்க, அந்த ஒன்றிரண்டு ஸ்லீப்பரைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கல்லும் கான்கிரீட்டும் உரசி அரைபட்ட மாவு அது. மழை பெய்துவிட்டால் அதே இடத்தில் ரயில் போகப்போக சேற்று நீர் பீய்ச்சும். விருதுநகர், கோவில்பட்டி வட்டாரம் போன்ற கரிசல் பூமியில் அடிமண்ணே கூழாகி மேலே ஏறிவரக்கூடும்.

கையால் வேலை செய்த காலத்தில் இதற்குக் கேங்மேன்கள் இருந்தார்கள். தண்டவாளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு தண்டவாளத்துக்கு இரண்டு பேராக எதிரெதிர் கோணத்தில் நின்று, பீட்டர் என்னும் கனத்த இரும்புக் கருவியால் ஸ்லீப்பரின் அடியில் ஜல்லியைக் குத்தி ஏற்றினார்கள். மரக்கட்டைக்கும் இரும்பு ஸ்லீப்பருக்கும் அது போதுமாக இருந்தது. கான்கிரீட் வந்தபின் அது நடக்கவில்லை. அத்தனை கனத்தை ஆள் அசைப்பது கடினம். பீட்டர் அடி பட்டால் கான்கிரீட் விளிம்பு சிதறும். நால்வரின் அடியும் ஒரே பலத்தில் விழாது. இந்திய ரயில்வே கான்கிரீட் ஸ்லீப்பருக்கு மாறியபோது எந்திரப் பராமரிப்பும் கூடவே வந்தாக வேண்டியிருந்தது. எந்திரத்தின் மூலவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள்: 1930-களில் ஷாய்க்சர் என்பவர் தொடங்கிய முயற்சி 1945-இல் மட்டிசா நிறுவனமாக வளர்ந்தது. 1953-இல் ஆஸ்திரியாவில் பிளாசர், தொய்ரர் என்ற இருவர் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் உலகச் சந்தையை வளைத்துக்கொண்டது. 1960-களில் அது ஃபரிதாபாத்திலும் ஆலை போட்டது. நம் பாதைகளில் ஓடும் மஞ்சள் நிற எந்திரங்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பம்.

டேம்பிங் எந்திரம் என்று அழைக்கப்படும் இதன் வேலையை அருகில் நின்று பார்த்தால் மூன்று செயல்கள் ஒரே ஓட்டத்தில் நடப்பது தெரியும். முதலில் உருளைக் கவ்விகள் தண்டவாளத்தின் தலையைப் பிடித்து, ஸ்லீப்பரோடு சேர்த்துப் பாதையையே தேவையான உயரத்துக்குத் தூக்குகின்றன. கூடவே இடமோ வலமோ நகர்த்தி நேராக்குகின்றன. எவ்வளவு தூக்குவது, எவ்வளவு நகர்த்துவது என்பதை முன்னும் பின்னும் நீட்டிய அளவு நாண்கள் சொல்கின்றன. பாதை தூக்கிய நிலையில் நிற்கும்போது, ஒவ்வொரு ஸ்லீப்பரின் இருபுறமும் எஃகு டூல்கள் ஜல்லிக்குள் இறங்குகின்றன. இரண்டு ஸ்லீப்பரை ஒருசேரக் கையாளும் எந்திரத்தில் இவை 32. ஒவ்வொரு டூலின் நுனியிலும் ஒரு தட்டையான அலகு. அலகின் மேல்விளிம்பு ஸ்லீப்பரின் அடிப்பரப்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான ஆழத்தில் நிற்கவேண்டும். ஆழம் குறைந்தால் அலகு ஸ்லீப்பரின் விளிம்பையே இடித்து உடைக்கும். கூடினால் கல் ஸ்லீப்பரின் அடிக்கு வராமல் கீழேயே நின்றுவிடும். இறங்கிய டூல்கள் நொடிக்கு 35 முறை அதிர்ந்துகொண்டே, எதிரெதிரே நெருங்கி, ஒரு நொடிக்குள் கற்களை ஸ்லீப்பரின் அடியில் அழுத்தித் தள்ளுகின்றன. அதிர்வு மெதுவாக இருந்தால் கல் நகராது. மிக வேகமானால் கற்கள் ஒன்றை ஒன்று பற்றாமல் குதிக்கத் தொடங்கி, அழுத்தம் உள்ளே போய்ச் சேராது. ஓர் இடத்தில் கல் இறுகிவிட்டால் அந்த டூல் நின்றுவிடும், தளர்ந்த இடத்தில் உள்ளது மேலும் முன்னேறும். எல்லா டூலும் ஒரே அழுத்தத்தில் முடிக்கும்படி ஹைட்ராலிக் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நான்கு மனிதர்களின் கையால் முடியாதிருந்த ஒருசீர்மை இதுதான். நல்ல எந்திரம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் இதைச் செய்துகொண்டே போகும்.

இத்தனை நேர்த்தியிலும் இரண்டு குறைகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கின்றன. ஒன்று, கல் உடைவது. கூர்முனைகளால்தான் கற்கள் ஒன்றோடொன்று கவ்விப் பிடிக்கின்றன. டூல் இறங்கும் ஒவ்வொரு முறையும் முனைகள் நொறுங்கி, ஸ்லீப்பருக்குச் சில கிலோ வரை பொடியாகச் சேரும். மற்றது, பாதை தன் பழைய கோணலை மறக்காமல் இருப்பது. பிரிட்டிஷ் ரயில்வேயின் ஆய்வாளர்கள் 1980-களில் இதை விரிவாகப் பார்த்தார்கள். சீர்செய்த பாதை சில மாத ஓட்டத்துக்குப் பின் முன்பிருந்த அதே பள்ளம், அதே மேட்டுக்குத் திரும்பிவிடுகிறது. காரணம் எளிது. பாதையை 10 மில்லிமீட்டர் தூக்கினால் ஸ்லீப்பரின் அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளிதான் உண்டாகிறது. நம் கல்லோ 40, 50 மில்லிமீட்டர். அந்தச் சந்தில் புதுக் கல் நுழைய முடியாது. அங்கே இருந்த கற்களே கொஞ்சம் விலகி, உப்பி, ஸ்லீப்பரைத் தாங்குவதுபோல் தோற்றம் தருகின்றன. ரயில் ஓடஓட உப்பியது அமுங்கி, பழைய இருப்புக்கு வந்துவிடும். இறுகிய அடிப்படுகையை டூல்கள் தொடுவதே இல்லை, அதன் மேடுபள்ளம் அப்படியே இருக்கிறது. ஆக, அடிக்கடி டேம்பிங் செய்தால் கல் பொடியாகிறது. பொடியான கல் விரைவில் அமுங்குகிறது. விரைவில் அமுங்குவதால் மறுபடி டேம்பிங். சில ரயில்வேக்களில் வேண்டுமென்றே கூடுதலாகத் தூக்கி, கற்களை உண்மையிலேயே இடம்மாற வைத்து, இந்தச் சுழலை உடைக்கப் பார்க்கிறார்கள்.

பக்கவாட்டுப் பிடிப்பும் டேம்பிங்கில் குறைந்துவிடுகிறது. அசைத்த ஜல்லிக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தடுப்புத் திறன் போய்விடும் என்று பலநாட்டுச் சோதனைகள் காட்டுகின்றன. வெயில்காலத்தில் இது விபரீதம். அதனால்தான் நீண்ட வெல்டுப் பாதைகளில், பூட்டிய வெப்பநிலையைவிட 10 டிகிரிக்கு மேல் தண்டவாளம் சூடேறிய நேரத்தில் டேம்பிங் கூடாது என்று இந்திய ரயில்வேயின் விதி சொல்கிறது. தளர்ந்த ஜல்லி தானாக இறுக வேண்டுமானால் லட்சக்கணக்கான டன் போக்குவரத்து மெதுவாக ஓடியாக வேண்டும். அதற்கு நாட்கள் பிடிக்கும், இறுகுவதும் சீராக இருக்காது. இந்த இடத்தில்தான் டைனமிக் டிராக் ஸ்டெபிலைசர் வருகிறது. தண்டவாளத்தை இருபுறமும் உருளைகளால் பிடித்து, மேலிருந்து அழுத்திக்கொண்டே, நொடிக்கு 30 முதல் 37 முறை கிடைமட்டமாக அசைத்துச் செல்லும் எந்திரம். படியில் அரிசி அளப்பவர் படியைத் தட்டி அடக்குவதுபோல, இது பாதையையே பிடித்துக் குலுக்கி ஜல்லியை அடங்க வைக்கிறது. ஒருமுறை ஓட்டினால் சுமார் ஒரு லட்சம் டன் போக்குவரத்து ஓடியதற்குச் சமமான இறுக்கம் கிடைக்கிறது என்பது உற்பத்தியாளர் கணக்கு. என் கருத்தில், பாதைக்கு அதிகம் நன்மை செய்யும் எந்திரம் இது. ஆனால் வேலை நேரம் குறையும்போது முதலில் விட்டுவிடத் தோன்றுவதும் இதைத்தான், ஏனென்றால் டேம்பிங் முடிந்ததும் பாதை பார்வைக்கு நேராகிவிடுகிறது.

எத்தனை இறுக்கினாலும் அழுக்கேறிய ஜல்லி நிற்காது. அமெரிக்கப் பேராசிரியர் செலிக், பொறியாளர் வாட்டர்ஸ் இருவரும் 1994-இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பாதைகளில் ஜல்லியை அடைத்த பொடியில் ஏறக்குறைய 76 விழுக்காடு ஜல்லியே உடைந்து உண்டானது என்று கண்டார்கள். மேலிருந்து விழுந்தது 7 விழுக்காடுதான். நம் நாட்டில் மேலிருந்து விழுவதன் பங்கு கூடுதலாகவே இருக்கும். நிலக்கரித் தூள், இரும்புத் தாதுத் தூள், பயணிகள் ஜன்னல் வழியே எறியும் குப்பை எல்லாம் ஜல்லிக்குள்தான் போகின்றன. பெட்டிக் கழிவறைகள் நேரே பாதையில் திறந்துகொண்டிருந்த காலம் அண்மையில்தான் முடிந்தது. உயிரிக் கழிவறைகள் வந்தது சுகாதாரத்துக்கு நல்லது என்று பேசுகிறோம், தண்டவாளத்தின் துருவுக்கும் ஜல்லிக்கும் அது செய்த நன்மையை யாரும் பேசுவதில்லை. அடைத்த ஜல்லியில் நீர் தேங்கும். நனைந்த பொடி கற்களுக்கு இடையே வழுக்கலாகும். காய்ந்தால் சிமென்ட்போல் இறுகி, ஜல்லியின் நெகிழ்வே போய்விடும். அப்படிப்பட்ட படுகையில் டேம்பிங் செய்வது வீண் வேலை. அதற்கு மருந்து ஆழச் சலித்தல். ஸ்லீப்பரின் அடியில் ஒரு வெட்டுச் சங்கிலியை நுழைத்து, ஜல்லி முழுவதையும் வாரி எடுத்து, அதிரும் சல்லடைகளில் கொட்டி, நல்ல கல்லைத் திருப்பிப் பாதையில் போட்டு, மண்ணையும் பொடியையும் ஓரமாக வீசும் எந்திரம் இருக்கிறது. ஓடும் பாதையைத் தண்டவாளத்தோடு மேலே தாங்கிக்கொண்டே அதன் அடிப்படுகையை உருவி எடுப்பது பார்க்க வியப்பான காட்சி. குறைந்தது 10 ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யவேண்டும் என்பது இந்திய ரயில்வேயின் விதி. சலித்தபின் குறையும் கல்லுக்குப் புது ஜல்லி கொட்டி, தோள் கட்டி, பல சுற்று டேம்பிங்கும் ஸ்டெபிலைசரும் ஓட்டியாக வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, கான்கிரீட் தளம் போட்டு அதில் தண்டவாளத்தைப் பதித்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. ஜப்பான் அதைத்தான் செய்தது. 1964-இல் திறந்த டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் ஜல்லிப் பாதை. அதைப் பராமரிக்கும் சுமை தாளாமல், 1972-இல் தொடங்கிய சான்யோ தடத்தில் கான்கிரீட் தளத்துக்கு மாறத் தொடங்கினார்கள். மும்பை–அகமதாபாத் அதிவேகத் தடத்திலும் அந்த முறைதான். குகைப் பாதையில், மெட்ரோவில், நீண்ட மேம்பாலத்தில் அதுவே சரி; காஷ்மீரின் பீர் பஞ்சால் குகையில் ஜல்லி கிடையாது. ஆனால் மண்மேட்டின் மேல் கதை வேறு. மண் அடங்கும், கரிசல் உப்பிச் சுருங்கும். ஜல்லிப் பாதையை ஓர் இரவில் 20 மில்லிமீட்டர் தூக்கிவிடலாம், தளத்தைத் தூக்க உடைத்துத்தான் ஆகவேண்டும். வேகத்துக்கு ஜல்லி தடை என்பதும் உண்மையல்ல. 2007 ஏப்ரல் 3 அன்று பிரான்சின் டி.ஜி.வி. மணிக்கு 574.8 கி.மீ. ஓடியது ஜல்லிப் பாதையில்தான். 1955-இல் பாதை நெளிந்த நாட்டில் 2007-இல் ஜல்லி அசையாமல் நின்றதற்குக் கனமான கான்கிரீட் ஸ்லீப்பர், அடியில் நன்கு கட்டிய மண்படுகை, முறையாக இறுக்கிய ஜல்லி எல்லாம் சேர்ந்தே காரணம்.

டேம்பிங் கல்லை உடைக்கிறது என்றால் வேறு வழி இல்லையா? இருக்கிறது. பிரிட்டிஷ் ரயில்வே உருவாக்கிய ஸ்டோன்புளோயர், பாதையைத் தூக்கி, ஸ்லீப்பரின் அடியில் ஏற்பட்ட சந்துக்குள் 20 மில்லிமீட்டருக்கும் சிறிய கல்லை எடைபோட்டுக் காற்றால் ஊதி நிரப்புகிறது. இறுகிய படுகையை அது கலைப்பதில்லை; சந்தின் அளவுக்கு ஏற்ற கல் என்பதால் பாதை பழைய பள்ளத்துக்கும் திரும்புவதில்லை. பழங்காலக் கேங்மேன்கள் மண்வெட்டியால் அளந்து சிறுகல் போட்ட முறையின் எந்திர வடிவம் இது. முனை மழுங்கிய பழைய ஜல்லியில் இது டேம்பிங்கை வென்றுவிடுகிறது. புதுக் கல் போட்ட, பெரிய அளவில் தூக்கவேண்டிய பாதையில் டேம்பிங்கின் இடத்தை இது பிடிக்க முடியாது. இது தவிர ஸ்லீப்பரின் அடியில் ரப்பர் திண்டு பொருத்துவது, ஜல்லிக்குக் கீழே வலைத்துணி பரப்புவது என்று கல் உடைவதையே குறைக்கும் வழிகளையும் பல நாடுகளில் சோதித்து, பயன்படுத்தியும் வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வுல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் புத்திம இந்திரரத்னவின் குழு இதில் நெடுங்காலம் உழைத்தது.

இவை எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை நேரம். எந்திரம் ஓட ரயிலை நிறுத்தவேண்டும். நெரிசல் மிகுந்த தடத்தில் மூன்று மணி நேரம் கேட்டால் ஒன்றரை மணி கிடைப்பதே அரிது. கிடைக்கிற நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வேலையை முடிக்கவே யாருக்கும் தோன்றும்: டேம்பிங் செய்து நேராக்கிவிட்டால் பாதையின் சீரை அளந்து பதியும் வண்டியின் வரைபடம் அந்த மாதத்துக்கு அழகாகிவிடும். ஓரத்து வடிகாலைத் திறப்பது, அழுக்கு ஜல்லியைச் சலிப்பது, ஸ்டெபிலைசர் ஓட்டுவது ஆகியவற்றின் பலன் ஆண்டுகள் கழித்துத்தான் வரைபடத்தில் ஏறும். ஆள் குறைப்பதற்கே எந்திரம் என்ற குறையும் சொல்லப்படுகிறது. அதில் பாதி உண்மை உண்டு. வெள்ளைப் பொடி பூத்த ஸ்லீப்பரையும் அடைத்துக்கொண்ட வடிகாலையும் முதலில் பார்ப்பது தினமும் பாதை நெடுகிலும் நடக்கும் கீமேனின் கண்தான். அந்த நடையைக் குறைத்துவிட்டு எந்திரத்தைக் கூட்டினால், எங்கே குத்தக்கூடாது என்பது எந்திரத்துக்குத் தெரியாமல் போகும். புதிய டேம்பிங் எந்திரங்கள் வாங்கும் பணத்தில் முதல் பங்கு வடிகாலுக்கும் சலிப்புக்கும் போகவேண்டும். டேம்பிங் முடிந்த பாதையில் ஸ்டெபிலைசர் ஓடாமல் அன்றைய வேலையை முடிந்ததாகக் கணக்கெழுதக் கூடாது.

வழியில் எங்கேனும் உங்கள் ரயில் காரணமில்லாமல் மணிக்கு 20, 40 கி.மீ. என்று ஊர்ந்தால், பாதையோரம் புதுக் கருங்கல் குவிந்திருக்கிறதா என்று ஜன்னல் வழியே பாருங்கள். குவிந்திருந்தால், அங்கே ஜல்லியைச் சலித்தோ தூக்கியோ முடித்திருக்கிறார்கள். அது இறுகும்வரை வேகம் படிப்படியாகத்தான் கூட்டப்படும். அந்தப் பத்து நிமிடத் தாமதத்துக்கு யாரையும் திட்டவேண்டாம். ஜன்னல் வழியே குப்பையையும் எறியவேண்டாம்.